உங்களுக்குத் தெரியுமா? – முகவாதமும் கண்ணாடி முன் நடக்கும் பாடமும்

காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் உதட்டோரமாக ஒழுகியது. என் சித்திக்கு விஷயம் அப்படித்தான் தெரியவந்தது. கண்ணாடியில் பார்த்தால் இடது கண் மூடவில்லை, சிரித்தால் வாய் வலப்பக்கம் இழுத்துக்கொண்டது. "காத்து அடிச்சிருச்சு" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. ஊரில் முகவாதம் என்பார்கள். காரணம் பிடிபடாமல் திடீரென வரும் வகைக்கு மருத்துவர்கள் 'பெல்ஸ் பால்சி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதன்பின் எட்டு மாதம் சித்தியோடு பிசியோதெரபிக்குப் போய்வந்தேன். அங்கே பார்த்தது, அதற்காகத் தேடிப் படித்தது இரண்டிலிருந்தும் கொஞ்சம் இங்கே.

கோணிய பக்கம் நோயுற்ற பக்கம் அல்ல!

வாய் வலப்பக்கம் இழுத்தால் வலப்பக்கத்தில்தான் கோளாறு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை தலைகீழ். இடப்பக்கத் தசைகள் தளர்ந்து கிடக்க, எதிர்த்துப் பிடிக்க ஆளில்லாமல் நல்ல பக்கம் வாயைத் தன்னிடம் இழுத்துக்கொள்கிறது. கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு அணி கையை விட்டால் நடப்பதுதான். சித்தி முதல் வாரம் முழுக்கத் தைலம் தேய்த்தது நல்ல கன்னத்தில்!

நெற்றியைச் சுருக்கச் சொல்லிப் பாருங்கள்

பக்கவாதத்திலும் வாய் கோணும். ஆனால் அதில் பெரும்பாலும் நெற்றி இரு பக்கமும் சுருங்கும், புருவம் உயரும். ஏனென்றால் நெற்றித் தசைக்கு மூளையின் இரண்டு பாதியிலிருந்தும் கட்டளை வருகிறது. ஒரு பாதி பழுதானாலும் மற்றது தாங்கிவிடும். பெல்ஸ் பால்சியில் மூளையை விட்டு வெளியே வந்த நரம்பே அடிபடுவதால் நெற்றியும் அந்தப் பக்கம் வழவழவென்று கோடில்லாமல் கிடக்கும்.

இதை வைத்து வீட்டிலேயே முடிவு கட்டிவிட வேண்டாம். முகம் கோணியதோடு கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ நெற்றியைப் பார்த்து நேரம் போக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள். எதுவுமில்லை, முகம் மட்டும்தான் என்றாலும் அன்றே மருத்துவரிடம் காட்டிவிடுவதே சரி.

முதல் 72 மணி நேரம்

பிசியோதெரபி பற்றிய பத்தியில் மாத்திரைக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். இது முதலில் நடந்தால்தான் மற்றதெல்லாம் எளிதாகும். ஸ்காட்லாந்தில் 551 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2007-இல் வெளியானது. 72 மணி நேரத்துக்குள் பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டைத் தொடங்கியவர்களில் 94 சதவீதம் பேர் ஒன்பது மாதத்தில் முழுமையாகத் தேறியிருந்தார்கள். அது கொடுக்கப்படாதவர்களில் 82 சதவீதம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும்.

எலும்புக்குள் ஓடும் நரம்பு

முகத்தை அசைப்பது மூளையிலிருந்து வரும் ஏழாவது நரம்பு. காதுக்குப் பின்னுள்ள எலும்பில், குறுகலான ஒரு குகைப்பாதை வழியாகச் சுமார் 3 சென்டிமீட்டர் தூரம் இது போகிறது. மிகக் குறுகிய இடத்தில் அந்தப் பாதை ஒரு மில்லிமீட்டர்கூட அகலமில்லை. நரம்பு வீங்கினால் விரிந்துகொள்ள இடமேது? தன் வீக்கத்தாலேயே தான் நசுங்குகிறது.

சார்லஸ் பெல் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் 1821-இல் முக நரம்புகளைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை அளித்தார். நோய்க்கு அவர் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் பாரசீக மருத்துவர் அல் ராஸி அவருக்குப் பல நூற்றாண்டு முன்பே முகவாதத்தை எழுதிவைத்திருக்கிறார்.

குக்கர் விசில் ஏன் காதைக் கிழிக்கிறது?

முதல் சில வாரம் சித்தி குக்கர் வைத்தாலே சமையலறையை விட்டு ஓடிவிடுவார். மிகைப்படுத்துகிறார் என்று நினைத்தேன், தப்பு. நடுக்காதில் ஸ்டேபீடியஸ் என்றொரு தசை இருக்கிறது. நீளம் சுமார் 6 மில்லிமீட்டர், உடலில் உள்ள எலும்புத்தசைகளிலேயே மிகச் சிறியது அதுதான். பெரிய சத்தம் வந்தால் இறுகி, உள்ளே போகும் ஒலியைக் குறைக்கும். அதற்கும் கட்டளை இதே முக நரம்பிலிருந்துதான். நாக்கின் முன்பகுதிச் சுவைக்கும் அப்படியே. ரசத்தில் உப்பில்லை என்று அவர் சொன்னதும் உண்மைதான்.

திறக்கும் கண் ஏன் மூடவில்லை?

இமையை மேலே தூக்கும் தசைக்கு வேறு நரம்பு. மூடும் தசைக்குத்தான் முக நரம்பு. அதனால் கண் திறந்தபடியே நின்றுவிடுகிறது. மூட முயன்றால் கருவிழி மட்டும் மேலே சுழலும், வெள்ளை தெரியும். பார்ப்பவர்கள் பயந்துபோகிறார்கள், ஆனால் இது பெரும்பாலானோருக்கு உள்ள இயல்பான அசைவு. இமை மூடாததால் வெளியே தெரிகிறது, அவ்வளவே.

முகவாதத்தில் நிரந்தரச் சேதம் சீக்கிரம் வரக்கூடிய இடம் கருவிழிதான். பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பு, தூங்கும்போது இமையை மூடிப் பக்குவமாக ஒட்டும் டேப், வெளியே போனால் கண்ணாடி. எந்தப் பயிற்சிக்கும் முன்னால் இது. நெடுநாள் மூடாத கண்ணுக்கு மேலிமைக்குள் தங்க எடை வைத்துத் தைப்பதும் உண்டு. சுமார் ஒரு கிராம், அதாவது அரைக்கால் சவரன். தூக்கும் தசையைத் தளர்த்தியதும் தங்கத்தின் கனத்தில் இமை தானாக இறங்கும்.

சூயிங்கம் மெல்லலாமா? பலூன் ஊதலாமா?

முகவாதம் வந்த வீட்டுக்குப் பார்க்க வருகிறவர்கள் பழத்தோடு கொண்டுவரும் யோசனைகள் இவை. நாங்கள் முதலில் போன ஓர் இடத்திலேயே இதைத்தான் சொன்னார்கள். தினமும் கன்னத்தில் கரண்ட் வைத்துவிட்டு, "வீட்டுல பலூன் ஊதுங்க, பபிள்கம் மெல்லுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் சித்தி பக்தியோடு செய்தார். அந்த மூன்று வாரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

மெல்லும் தசைகள் வேலை செய்வது ஐந்தாவது மூளை நரம்பால். அதற்கு ஒரு கேடும் வரவில்லை! பொட்டலம் பொட்டலமாக மென்றாலும் ஏழாவது நரம்பின் தசைகளுக்கு நேரடியான பயிற்சி இல்லை. ஓடாத சைக்கிளைச் சரிபண்ண ஓடுகிற ஸ்கூட்டருக்கு எண்ணெய் விட்டதுபோல.

பலூன் இன்னொரு சிக்கல். மூச்சை அடக்கி முழு பலத்தோடு ஊதும்போது நல்ல பக்கம் துள்ளி முன்னால் வருகிறது. தளர்ந்த பக்கம் இன்னும் இழுபடுகிறது. நரம்பு மீண்டும் வளர்கிற காலத்தில் இப்படி எல்லாத் தசையையும் ஒருசேர முறுக்கினால், முகம் தனித்தனி அசைவுகளை மறந்து மொத்தமாக இறுகும் பழக்கத்துக்குப் போய்விடும் என்று முகப் பயிற்சியில் தேர்ந்தவர்கள் எச்சரிக்கிறார்கள். கைகால் தசைக்குப் பொருந்துகிற 'அதிகம் செய்தால் அதிகம் பலம்' கணக்கு முகத்துக்குப் பொருந்தாது.

கண்ணாடி ஏன்?

கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கினாலும் கை எங்கே இருக்கிறதென்று நமக்குத் தெரியும். தசைக்குள் இருக்கும் நுண்ணிய உணர்கருவிகள் அதைச் சொல்கின்றன. முகத்தசைகளில் பெரும்பாலானவற்றில் இந்தக் கருவிகள் அரிது. அதோடு அவை பெரும்பாலும் எலும்பிலிருந்து எலும்புக்குப் போவதில்லை, தோலில் போய் முடிகின்றன. தன் முகம் என்ன செய்கிறதென்று முகத்துக்கே அவ்வளவாகத் தெரியாது. கண்தான் சொல்ல வேண்டும். ஆகவே கண்ணாடி.

பிறகு நாங்கள் போன இடத்தில் ஒரு மேசை, நிலைக்கண்ணாடி, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, அவ்வளவுதான் இருந்தது. இயன்முறை மருத்துவர் சின்ன வயதுப் பெண். சித்தியின் வலது கன்னத்தில் இரண்டு விரலை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, சிரிக்காதீங்க. சிரிக்கலாமான்னு யோசிச்சா எப்படியோ, அந்த அளவு மட்டும் உதட்டோரத்த நகத்துங்க. போதும். நிறுத்துங்க. இப்ப மெதுவா விடுங்க."

கண்ணாடியில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு நூல் அகலம் நகர்ந்திருக்கலாம்.

"இம்புட்டுத்தானா? இதுக்கா ரெண்டு பஸ் மாறி வந்தேன்?" என்றார் சித்தி.

"இம்புட்டுத்தாம்மா. இதுக்கு மேல போனா நல்ல பக்கம் ஓடிவந்து வேலையப் புடுங்கிக்கும். அஞ்சு தடவை. அப்புறம் ஓய்வு. ஒரே மூச்சுல நூறு தடவை செஞ்சா எனக்குப் பிடிக்காது."

அந்தக் கண்டிப்புக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன். சிறிதாக, மெதுவாக, இரு பக்கமும் சமமாக, சில முறை மட்டும், ஆனால் ஒரு நாளில் பல வேளை. நரம்புத்தசை மறுபயிற்சி என்று இதற்குப் பெயர். அசைவே வராத தொடக்க நாட்களில் இதுகூடக் கிடையாது. விரலால் கன்னத்தைத் தாங்கி மென்மையாக நீவுவதும், நல்ல பக்கத்தை அடக்கி வைப்பதும், மனதால் அசைவை நினைத்துப் பார்ப்பதும்தான்.

ப, ம, வ

உதடு மூடாதவருக்கு முதலில் தடுமாறும் எழுத்துகள் ப, ம. காற்று ஓரமாகக் கசிந்துவிடும். இரண்டு உதடும் சேர்ந்தால் இவை பிறக்கும் என்றும், வ-வுக்குப் பல்லும் உதடும் சேர வேண்டும் என்றும் தொல்காப்பியத்தின் பிறப்பியல் பிரித்துச் சொல்லியிருக்கிறது. எங்கள் மருத்துவர் கொடுத்த பட்டியலில் 'மாமா', 'பாப்பா', 'அப்பம்', 'பம்பரம்' எல்லாம் இருந்தன. தளர்ந்த பக்க உதட்டோரத்தை விரலால் லேசாகத் தாங்கிக்கொண்டு, கண்ணாடியில் பார்த்தபடி, அவசரமில்லாமல் சொல்ல வேண்டும்.

உதடு ஒட்டாமலே பாடும் நிரோட்டம் என்ற சித்திரகவி வகை நம்மிடம் இருக்கிறது. துறவு அதிகாரத்தின் முதல் குறளைச் சொல்லிப் பாருங்கள், ஓரிடத்தில்கூட உதடு ஒட்டாது. அந்த நாட்களில் சித்திக்குக் காற்று கசியாமல் சொல்ல முடிந்த குறள் அது. 'அகர முதல' என்று தொடங்கினால் 'மு'விலேயே நின்றுவிடுவார். சொல்ல முடிந்தது, முடியாதது இரண்டையும் தெரிந்துகொள்ள இதைவிடக் கச்சிதமான சோதனை எனக்குத் தோன்றவில்லை.

ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

உள் இழைகள் அறுபட்டுப்போன நரம்பு திரும்ப வளரும் வேகம் தோராயமாக இவ்வளவுதான். காதுக்குப் பின்னாலிருந்து உதட்டோரம் வரை கணக்குப் போட்டால் மூன்று, நான்கு மாதம். "இன்னுமா சரியாகல?" என்று கேட்கும் உறவினர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். இழைகள் அறுபடாமல் நசுங்க மட்டும் செய்தவர்களுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை, சில வாரத்திலேயே திரும்பிவிடும். கோபன்ஹேகனில் சிகிச்சையே கொடுக்காமல் 1,701 பேரைத் தொடர்ந்து பார்த்து 2002-இல் வெளியிட்ட பதிவில், 85 சதவீதம் பேருக்கு மூன்று வாரத்துக்குள் ஏதோ ஒரு அசைவு வந்திருந்தது. முழுதாகத் தேறியவர்கள் 71 சதவீதம். மீதிப் பேருக்காகத்தான் இந்தப் பத்தி.

சிரித்தால் கண் மூடுகிறதா?

திரும்ப வளரும் இழைகளில் சில வழி தவறுகின்றன. உதட்டுக்குப் போக வேண்டியது இமைக்குப் போய்விடும். அதன்பின் சிரித்தால் கண் சுருங்கும், கண்ணை இமைத்தால் உதட்டோரம் துடிக்கும். பெரும்பாலும் மூன்று, நான்கு மாதத்துக்குப் பிறகு தலைகாட்டும் இதற்குச் சின்கைனீசிஸ் என்று பெயர். உமிழ்நீர்ச் சுரப்பிக்கு உரிய இழை கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர்ந்தால் சாப்பிடும்போது ஒரு கண்ணில் நீர் வழியும். 'முதலைக் கண்ணீர்' என்றே மருத்துவம் அழைக்கிறது. ஒரு கல்யாணப் பந்தியில் சித்தி இலை முன்னால் உட்கார்ந்து கண்ணைத் துடைத்ததைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள். அழவில்லை என்று அவர் விளக்கி முடிப்பதற்குள் பாயசம் வந்துவிட்டது.

இந்தக் கட்டத்தில் பயிற்சியின் நோக்கமே மாறுகிறது. முன்பு அசைவை வரவழைக்க வேண்டும், இப்போது வேண்டாத அசைவை அடக்க வேண்டும். கண்ணை அகலத் திறந்து வைத்தபடி உதட்டை மட்டும் சிறிதாகக் குவிக்க வேண்டும். கண் சுருங்கத் தொடங்கும் நொடியில் நிறுத்த வேண்டும், பிறகு அதைவிடச் சிறிதாக மறுபடி. இறுகிப்போன கன்னத்தைக் கட்டைவிரல் உள்ளேயும் மற்ற விரல்கள் வெளியேயும் வைத்து மெல்ல இழுத்துத் தளர்த்த வேண்டும். பலமில்லை என்று நினைத்து இன்னும் வேகமாகப் பயிற்சி செய்கிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். கோளாறு இப்போது தளர்ச்சியில் இல்லை, மிகையான இறுக்கத்தில் இருக்கிறது. பயிற்சிக்கு அடங்காத தசைகளுக்குப் போடாக்ஸ் ஊசியைச் சிறு அளவில் போட்டு, அவற்றின் பிடி தளர்ந்திருக்கும் மாதங்களில் சரியான அசைவைக் கற்றுக்கொடுப்பதும் நடக்கிறது.

கரண்ட் வைத்தால் சரியாகுமா?

துஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் முகத்தசைகளை ஒவ்வொன்றாக மின்சாரத்தால் தூண்டிப் படம் பிடித்து 1862-இல் புத்தகமாக்கினார். அவர் படங்களில் அடிக்கடி வரும் முதியவர் முகத்தில் தொடுவுணர்வு இல்லாதவர், அதனால் அவ்வளவு மின்முனைகளையும் தாங்கினார். டார்வின் 1872-இல் உணர்ச்சிகளைப் பற்றி எழுதிய நூலில் அந்தப் படங்களைப் பயன்படுத்திக்கொண்டார்.

மின்சாரம் தசையைத் துடிக்க வைக்கும் என்பது உண்மை. அதனால் நரம்பு சீக்கிரம் குணமாகும் என்பதற்குத்தான் உறுதியான சான்று இல்லை. முகவாதத்துக்கான இயன்முறை சிகிச்சைகளை எல்லாம் சலித்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு 2011-இல் வந்தது. மின்தூண்டலால் தெளிவான பலன் தென்படவில்லை. ஆளுக்கேற்ப வகுத்த முகப் பயிற்சி உதவக்கூடும், அதுவும் நாள்பட்டவர்களுக்கு என்று சில ஆய்வுகள் காட்டின, ஆனால் அந்த ஆய்வுகளின் தரம் போதாது என்றது. இதைப் படித்த அன்று எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனாலும் நம் ஊரில் எத்தனை இடங்களில் கன்னத்தில் மின்முனையை வைத்து நேரம் குறித்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போகிறார்கள்! அந்த இருபது நிமிடத்தைக் கண்ணாடி முன்னால் கூட உட்கார்ந்து செலவிட்டிருக்கலாம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

ஊமைக்கூத்துச் சிகிச்சை

நெதர்லாந்தில் ஒரு மைம் கலைஞரும் ஒரு காது மூக்குத் தொண்டை மருத்துவரும் சேர்ந்து உருவாக்கிய முறை இது. பேச்சில்லாமல் முகத்தால் மட்டும் கதை சொல்கிறவருக்குத் தன் புருவமும் உதடும் எங்கே நிற்கின்றன என்பது அத்துப்படி. அந்த அறிவை நோயாளிக்குக் கடன் கொடுத்தால் என்ன என்பதே யோசனை. நீவல், தளர்வு, ஒட்டிக்கொண்ட அசைவுகளைப் பிரிப்பது, உதட்டசைவு, கடைசியாக வியப்பு, கோபம், மகிழ்ச்சி என்று உணர்ச்சியை முகத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது. ஒன்பது மாதத்துக்கும் மேல் பாதிப்பு நீடித்த 50 பேரிடம் நடத்திய சோதனை 2006-இல் வெளியானது. மூன்று மாதப் பயிற்சியில், 100-க்கு மதிப்பெண் போடும் சன்னிபுரூக் அளவையில் சுமார் 20 புள்ளி ஏறியது. 'இனிமேல் எதுவும் நடக்காது' என்று கைவிடப்படும் காலத்தில் வந்த 20 புள்ளி அது. அபிநயம் கற்பிக்க இத்தனை ஆசிரியர்கள் இருக்கும் நாட்டில் இயன்முறை மருத்துவர்களும் அவர்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசினால் எவ்வளவு கிடைக்கும்!

கடித்தால் மூடும் கண்

முக நரம்பைக் கெடுக்கும் நோய் பெல்ஸ் பால்சி மட்டுமல்ல. தொழுநோய் முக நரம்பின் மேல் கிளைகளைத் தின்றுவிடும். இமை மூடாது, கருவிழியில் உணர்வும் போயிருக்கும், தூசி விழுந்தாலும் தெரியாது. அப்படிப் பார்வை இழந்தவர்கள் ஏராளம். வேலூர் சி.எம்.சி.க்கு 1946-இல் வந்த பால் பிராண்டும் அவரோடு உழைத்தவர்களும் தொழுநோயாளிகளுக்கான சீரமைப்பு அறுவையை அங்கே வளர்த்தெடுத்தார்கள். அந்தச் சிகிச்சைகளில் ஒன்று, நெற்றிப்பொட்டில் உள்ள மெல்லும் தசையிலிருந்து ஒரு பட்டையைப் பிரித்து இமைகளுக்குள் கோப்பது. பல்லைக் கடித்தால் கண் மூடும்.

அறுவை முடிந்தால் பாதி வேலைதான் முடிந்தது. நாம் நினைக்காமலே நிமிடத்துக்குப் பல முறை செய்யும் இமைப்பை இவர் நினைத்து, பல்லைக் கடித்துச் செய்யப் பழக வேண்டும். தெருவில் நடக்கும்போது, பேசும்போது, பஸ்ஸில் காற்று அடிக்கும்போது. இதைப் பழக்குவதும் இயன்முறை மருத்துவரின் வேலைதான்.

புன்னகைக்கும் இதேபோல ஒரு வழி இருக்கிறது. தொடையிலிருந்து கிராசிலிஸ் தசையின் ஒரு துண்டை எடுத்துக் கன்னத்தில் வைத்து, கடிக்கும் நரம்போடு இணைப்பார்கள். ஜப்பானிய மருத்துவர் ஹாரி 1976-இல் இந்தத் தசை மாற்றத்தை எழுதினார். பிறவியிலேயே முக அசைவு இல்லாத, மோபியஸ் நோய்க்குறி உள்ள குழந்தைகளுக்கும் இதைச் செய்கிறார்கள். முதலில் கடித்தால் சிரிப்பு வரும். கண்ணாடி முன் பல மாதம் பழகிய பின் பலருக்குக் கடிக்காமலே வருகிறது.

மாதம் ஒரு வீடியோ

செய்து பாருங்கள், செலவில்லை. ஒரே ஜன்னல் வெளிச்சம், ஒரே நாற்காலி. சும்மா இருப்பது, புருவம் தூக்குவது, கண்ணை மெல்ல மூடுவது, மூக்கைச் சுளிப்பது, சிரிப்பது, உதட்டைக் குவிப்பது. ஒரு நிமிடம்கூட ஆகாது. தினமும் கண்ணாடி பார்க்கிறவருக்கு முன்னேற்றம் தெரியாது, மாத வீடியோக்களை அடுத்தடுத்து ஓட்டினால் தெரியும். மருத்துவருக்கும் உதவும்.

சித்தியின் எட்டாவது வீடியோவில் இடது கண் முழுதாக மூடுகிறது. சிரிக்கும்போது கொஞ்சம் சுருங்கத்தான் செய்கிறது. நடுவில் யாரோ கதவைத் தட்ட, கேமராவை மறந்து "யாரு, மாப்பிள்ளையா? வாங்க வாங்க" என்று திரும்புகிறார். மா, ப், வா எல்லாம் காற்று கசியாமல் விழுந்திருக்கின்றன. அதை நாங்கள் வெட்டவில்லை.